இண்டிபேரு எங்கிருந்து வந்தது? திருத்தணி – நகரி – சித்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு கேள்வி பதில்

திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொந்தம் வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கல்யாணம் பேசும்போதும் பாஸ்போர்ட் படிவம் நிரப்பும்போதும்தான் வீட்டுப் பெயர், தெலுங்கில் இண்டிபேரு, ஞாபகம் வரும், வந்ததும் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். நான் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரன். வீட்டில் பேச்சு தமிழ், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. வரலாற்றுப் பட்டமெல்லாம் கிடையாது, பழைய பத்திரங்களைப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே போட்டிருக்கிறேன்.

இண்டிபேரும் இனிஷியலும் ஒன்றா?

இல்லை. இண்டிபேரு என்பது அப்பா வழியில் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிற வீட்டுப் பெயர், சொந்தப் பெயருக்கு முன்னால் வரும். தமிழ் இனிஷியல் அப்பா பெயரின் முதல் எழுத்து, அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிக்கொண்டே இருக்கும். நம்ம திருத்தணியில் 1888-ல் பிறந்து குடியரசுத் தலைவரான எஸ். ராதாகிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 'எஸ்' சர்வபள்ளி. அவர் மகன், வரலாற்றாசிரியர், எஸ். கோபால். அதுவும் அதே சர்வபள்ளிதான். தமிழ் வழக்கப்படி போட்டிருந்தால் அவர் ஆர். கோபால் ஆகியிருப்பார்.

எங்கள் இண்டிபேரு ஓர் ஊரின் பெயர். அப்படியானால் அதுதான் எங்கள் பூர்வீகமா?

பாதி சரி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சர்வபள்ளியிலேயே இருக்கிற ஒருவரைச் சர்வபள்ளிக்காரர் என்று யார் கூப்பிடப் போகிறார்கள், அங்கே எல்லாருமே சர்வபள்ளிக்காரர்கள்தானே. அந்தக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய், அங்கே இருக்கிறவர்கள் "அந்தச் சர்வபள்ளி வீட்டுக்காரர்" என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் அது வீட்டுப் பெயராக ஆகியிருக்க முடியும். அதாவது பெயரை வைத்தது போய்ச் சேர்ந்த ஊர், பெயரில் இருப்பது விட்டுவந்த ஊர். அதற்கு முன்னால் அந்தக் குடும்பம் எங்கே இருந்தது என்பதைப் பற்றிப் பெயர் வாயே திறக்காது. சர்வபள்ளி நெல்லூர் மாவட்டத்தில் இருக்கிறது. ராதாகிருஷ்ணன் குடும்பம் அங்கிருந்து திருத்தணிப் பக்கம் வந்தது என்பது வரைக்கும் பெயர் சொல்லும். சர்வபள்ளிக்கு எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

இன்னொன்று, ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பெயர் லேசில் போகாது. அதற்குப் பிறகு குடும்பம் நாலு ஊர் மாறினாலும் பழைய ஊர்ப் பெயரே தொடரும். தியாகராஜ சுவாமிகள் 1767-ல் திருவாரூரில் பிறந்தவர், வாழ்ந்தது திருவையாற்றில், ஆனால் இண்டிபேரு காகர்ல. அது ஆந்திராவில் கம்பம் பக்கத்தில் இருக்கிற கிராமம். காவிரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு அத்தனை தூரத்து ஊர்ப் பெயர்.

அதனால் இண்டிபேரில் இருக்கிற ஊரைக் கண்டுபிடித்ததும் அங்கே போய் "எங்க தாத்தா ஊர்" என்று தேங்காய் உடைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். உடைத்தால் தப்பில்லை, அது வழியில் ஒரு நிறுத்தம் என்று தெரிந்துகொண்டு உடையுங்கள். நான் பார்த்தவரை இந்த விஷயத்தில் எல்லாரும் இடறுவது இங்கேதான். 'பூர்வீகம்' என்றாலே ஒரே ஓர் ஊர் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறோம்.

இதற்கு விலக்கே கிடையாதா?

உண்டு. ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி, சித்தூரை ஒட்டியிருக்கிற கட்டமஞ்சியில் பிறந்தவர், இண்டிபேரும் கட்டமஞ்சிதான். குடும்பம் ஊரிலேயே இருந்துகொண்டு வெளியூரில் பெயர் வாங்கினாலும் இப்படி அமையலாம். ஆனால் பாருங்கள், அதே கட்டமஞ்சியில் பிறந்த இன்னொருவர் 1891 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய ஆனந்தாசார்லு. அவர் இண்டிபேரு பனப்பாக்கம். ஒரே கிராமம், ஒரு வீடு அந்த ஊரின் பெயரோடு, இன்னொரு வீடு வேறோர் ஊரின் பெயரோடு.

பனப்பாக்கம் தமிழ் ஊர்ப் பெயர்தானே, அப்படியானால் அவர்கள் தமிழர்களா?

இங்கேதான் நிதானம் வேண்டும். நெமிலி பக்கத்தில், இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஒரு பனப்பாக்கம் இருக்கிறது. சந்திரகிரி பக்கத்தில், பாகாலாவிலிருந்து திருப்பதி போகிற ரயில் பாதையில், இன்னொன்று இருக்கிறது, ஆந்திராவில் பனபாக்கம் என்பார்கள். எந்தப் பனப்பாக்கம் என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. தொண்டைமண்டலத்து ஊர்ப் பெயர்கள் 'பாக்கம்', 'வேடு', 'பேடு' என்று எல்லைக்கு அந்தப் பக்கமும் நெடுகக் கிடக்கின்றன. ஆக, தமிழ் ஒலியுள்ள இண்டிபேரு இருந்தால் தமிழ்க் குடும்பம், தெலுங்கு ஒலி இருந்தால் தெலுங்குக் குடும்பம் என்கிற கணக்கு இந்தப் பக்கத்தில் செல்லாது. ஊரின் பெயர் என்ன மொழி என்பது வேறு, அந்த ஊரில் இருந்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள் என்பது வேறு.

இண்டிபேரில் இருக்கிற ஊரை மேப்பில் தேடினேன், கிடைக்கவே இல்லை. ஏன்?

கடைசி எழுத்தைப் பாருங்கள். ஊர்ப் பெயர் வீட்டுப் பெயராகும்போது தெலுங்கில் அதன் கடைசி மாறும். 'ஊரு' என்று முடிவது 'ஊரி' ஆகிவிடும். ஆந்திர மாநிலத்தின் முதல் முதல்வர் டங்குடூரி பிரகாசம், ஊர் டங்குடூரு. கந்துகூரி வீரேசலிங்கம், ஊர் கந்துகூரு. 'பாடு' என்று முடிகிற ஊர் 'பாட்டி' என்று வரும், ஆயாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எனவே மேப்பில் தேடும்போது கடைசி எழுத்தைத் திருப்பிப் போட்டுத் தேடுங்கள். அப்போதும் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் வந்து நிற்கும் என்பது வேறு கதை. அதில் உங்கள் குலதெய்வக் கோயில் எந்த ஊருக்குப் பக்கம் என்று பார்ப்பது ஒரு நல்ல வழி, முடிவான ஆதாரம் ஆகாது, ஆனால் தேடுகிற வட்டம் குறையும்.

எங்கள் இண்டிபேரு ஊரே இல்லை, காய்கறிப் பெயராக இருக்கிறது. கிண்டல் செய்கிறார்கள்.

செய்துவிட்டுப் போகட்டும். அல்லம் என்றால் இஞ்சி, பெல்லம் என்றால் வெல்லம், கும்மடி என்றால் பூசணி, வேப்ப என்றால் வேம்பு, எல்லாமே ஊரறிந்த இண்டிபேர்கள்தான். சில வீடுகள் செய்த வியாபாரத்தால் பெயர் வந்திருக்கலாம், வாசலில் நின்ற மரத்தால் வந்திருக்கலாம், யாரோ ஒரு முப்பாட்டனுக்கு வைத்த பட்டப்பெயர் நிலைத்துப்போயிருக்கலாம். அந்தக் காயின் பெயரிலேயே ஊர் இருந்து, அந்த ஊரிலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம். வேலையால் வந்த பெயர்களும் உண்டு. கரணம் என்ற இண்டிபேரு கிராமக் கணக்குப் பார்த்த குடும்பம் என்று சொல்கிறது, அது நம்ம ஊர்க் கர்ணம்தான். இந்த வகைப் பெயர்கள் பல ஊரில் தனித்தனியாக முளைத்தவை. கரணம் வீடுகள் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நினைத்தால், கணக்குப்பிள்ளை வீடுகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்வதற்குச் சமம்.

நாங்கள் விஜயநகரப் படையோடு வந்தவர்கள் என்று தாத்தா சொல்வார். உண்மையா?

எல்லாத் தாத்தாவும் அதைத்தான் சொல்கிறார். அத்தனை பேரும் படைத்தளபதி வம்சம் என்றால் சமைத்தது யார், நெய்தது யார், மாடு மேய்த்தது யார்?

சரி, விஷயத்துக்கு வருவோம். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரை வரை படையெடுத்து வந்ததிலிருந்து தெற்கே தெலுங்கர் போவதும் குடியேறுவதும் பெருகியது உண்மை. பதினாறாம் நூற்றாண்டில் மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் காலத்தில் படைவீரர்களோடு பிராமணர்கள், வியாபாரிகள், நெசவாளர்கள், உழவர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகர அரசே தெற்கே நகர்ந்தது, முதலில் பெனுகொண்டா, அப்புறம் சந்திரகிரி, அப்புறம் வேலூர். சந்திரகிரி நம்ம வீட்டு வாசல். தலைநகரம் பக்கத்தில் வந்தால் அதை நம்பிப் பிழைக்கிறவர்களும் கூடவே வருவார்கள். 1639-ல் இங்கிலீஷ் கம்பெனிக்குச் சென்னைப் பக்கத்தில் இடம் கொடுத்தது தாமர்ல குடும்பத்து நாயக்கர்கள். தாமர்ல என்பது இண்டிபேரு. அவர்களுடைய அப்பா தாமர்ல சென்னப்ப நாயக்கர் பெயரால்தான் சென்னைப்பட்டணம் என்ற பெயர் வந்தது. அந்தக் குடும்பத்தின் சொந்தப் பெயர் ஊருக்குப் போய்விட்டது, வீட்டுப் பெயரை இன்று யாருக்கும் தெரியாது.

ஆனால் இதுவே முழுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம பக்கம் மதுரை மாதிரி இல்லை. வடவேங்கடம்தான் தமிழின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது, நாம் அந்த எல்லை மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். திருமலைக் கோயிலில் பல்லவர் காலத்திலிருந்து கல்வெட்டு உண்டு, அவற்றில் பெரும்பங்கு தமிழ். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் நெல்லூரிலிருந்து ஆண்ட தெலுங்குச் சோழர்கள் காஞ்சிபுரம் வரை ஆண்டிருக்கிறார்கள். ஆகவே விஜயநகரம் வருவதற்கு முன்பே இங்கே இரண்டு மொழியும் புழங்கியது. உங்கள் குடும்பம் எங்கிருந்தும் 'வராமல்', அரசு மட்டும் மாறி மாறி வந்துபோன குடும்பமாகவும் இருக்கலாம்.

கிட்டத்து நூற்றாண்டுகளையும் மறக்க வேண்டாம். 1876-லிருந்து 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் கடப்பை, கர்நூல், பெல்லாரி, வட ஆற்காடு எல்லாம் காலியாகின, ஜனம் பிழைக்கக் கிடைத்த திசையில் நடந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1871-ல், சென்னையிலிருந்து அரக்கோணம், திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாக ராய்ச்சூர் வரை ரயில் பாதை போய்ச் சேர்ந்திருந்தது. என் அனுமானம், 'படையோடு வந்தோம்' என்கிற குடும்பங்களில் கணிசமானவை பஞ்சத்தில் நடந்து வந்தவை அல்லது ரயிலேறி வந்தவை. பஞ்சம் பிழைக்க வந்தோம் என்று சொல்வதில் என்ன கேவலம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நகரியில் இருக்கிற சித்தப்பா பிள்ளைகளுக்கு ஒரு இனிஷியல், எங்களுக்கு ஒரு இனிஷியல். கூடப்பிறந்தவர்கள் பிள்ளைகளுக்கு எப்படி?

இது 1960-ன் வேலை. 1911 ஏப்ரலுக்கு முன்னால் திருத்தணி, புத்தூர், சித்தூர் எல்லாம் வட ஆற்காடு ஜில்லா. அந்த மாதம் சித்தூர் ஜில்லா உண்டாகி இவை அதில் போயின. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் ஜில்லா மொத்தமாக ஆந்திராவுக்குப் போனது, திருத்தணியும் சேர்த்து. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மற்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் படாஸ்கர் செய்த மத்தியஸ்தம் எல்லாம் முடிந்து, 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-லிருந்து திருத்தணி தாலூகா, பள்ளிப்பட்டுப் பகுதியோடு தமிழ்நாட்டுக்கு, அன்றைய சென்னை மாநிலத்துக்கு, வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலூகாக்களிலிருந்து சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

கோடு போட்டவர்கள் கிராமத்தைப் பார்த்துப் போட்டார்கள், பங்காளி வீட்டைப் பார்த்துப் போடவில்லை. அண்ணன் பள்ளிப்பட்டில், தம்பி நகரியில் என்றால், அண்ணன் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள், வாத்தியார் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டார். தம்பி பிள்ளைகளைச் சேர்க்கிற இடத்தில் இண்டிபேரு என்ன என்று கேட்டார்கள், சொன்னதை முன்னால் எழுதினார்கள். இரண்டு தலைமுறை போனதும் காகிதத்தில் ஒருவருக்கொருவர் யாரோ எவரோ. எல்லைக்கு இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் இண்டிபேரு மறந்தே போனது இப்படித்தான், யாரும் வேண்டுமென்று விட்டுவிடவில்லை, எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லாமல் போனது.

இதற்கு நேரெதிராக, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இண்டிபேரே கிடையாது. கேட்கிறார்களே என்று சிலர் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், சிலர் தாத்தா பெயரைச் சொன்னார்கள், சிலர் சாதிப் பட்டத்தைச் சொன்னார்கள். சொன்னது நிலைத்துவிட்டது. எனவே ஆந்திரப் பக்கத்து அத்தை வீட்டில் ஓர் இண்டிபேரு இருக்கிறது, நமக்கு அது தெரியவே தெரியாதே என்றால், ஐநூறு வருஷத்து ரகசியம் எதுவும் இல்லை, அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் பிறந்த பெயராக இருக்கும்.

ஒரே இண்டிபேரு என்றால் பங்காளிதானா? பெண் எடுக்கலாமா?

ஊர் வழக்கத்தில் ஒரே இண்டிபேரு, ஒரே சாதி என்றால் பங்காளி முறை, சம்பந்தம் பேச மாட்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணமானால் புருஷன் வீட்டு இண்டிபேரு வந்துவிடும், அதனால் அம்மா வீட்டு இண்டிபேரை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது, அதையும் கேட்டு எழுதி வையுங்கள். மேலே சொன்ன மாதிரி ஊர்ப் பெயரால் வந்த இண்டிபேர் பல குடும்பங்களுக்குத் தனித்தனியாக வந்திருக்கும், ரத்த உறவு இல்லாமலே. கோத்திரம் பார்க்கிற சாதிகளில் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பெரியவர்கள் சம்மதிப்பார்களா என்பதற்கு என்னிடம் பதில் கேட்காதீர்கள், அது உங்கள் வீட்டு விவகாரம்.

இண்டிபேரைப் பார்த்தால் சாதி தெரியுமா?

தெரியாது. ஓர் ஊரிலிருந்து எல்லாச் சாதியும்தான் கிளம்பிப் போயிருக்கிறது, ஒரே ஊர்ப் பெயர் எல்லா இடத்திலும் கிடைக்கும். சாதியின் பெயரே எல்லையில் மாறுகிற போது இண்டிபேரை வைத்து என்ன கண்டுபிடிப்பது? இந்தப் பக்கம் செங்குந்தர் அல்லது கைக்கோளர் என்று எழுதுகிறவர்கள், ஆந்திரப் பட்டியலில் கைகால, கரிகாலபக்துலு என்ற பெயர்களோடு சேர்ந்து வருகிறார்கள். நகரி, புத்தூர், பொதட்டூர்பேட்டை என்று தறிச்சத்தம் கேட்கிற ஊர்களில் சொந்தம் பரவிக் கிடக்கிற வீடுகளில் சான்றிதழ் வாங்கப் போகும்போது இது தலைவலி.

ஆங்கிலத்தில் எங்கள் பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். எது சரி?

எதுவும் சரி, எதுவும் தப்பு. கட்டமஞ்சியைத் தெலுங்கில் 'க' போட்டுத்தான் எழுதுவார்கள், ஆனால் ராமலிங்க ரெட்டி ஆங்கிலத்தில் 'சி' போட்டு எழுதியதால் சி.ஆர். ரெட்டி ஆகிவிட்டார், தெரியாதவர்கள் சி என்றால் சித்தூர் என்று நினைப்பார்கள். பழைய ஆவணத்தில் தேடும்போது க-வுக்கு கே, சி இரண்டு எழுத்தையும் பாருங்கள், ச, ஜ, ஸ எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், தமிழில் எழுதியவர் p, b வித்தியாசம் இல்லாமல் இரண்டுக்கும் ஒரே 'ப' போட்டிருப்பார் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

சரி, எங்கே போய்த் தேடுவது?

வீட்டுப் பெட்டியில் ஆரம்பியுங்கள், நெட்டில் இல்லை. பழைய கிரயப் பத்திரம் ஒன்று இருந்தால் அது பத்துப் பெரியவர்களின் பேச்சுக்குச் சமம். ஐம்பதுகளில் எழுதிய தெலுங்குப் பத்திரத்தை எடுத்து விரித்தால், தேதிக்கு அப்புறம் ஜில்லா, தாலூகா, கிராமம், 'காபுரஸ்துடு' என்று குடியிருக்கிற ஊர், 'இன்னார் குமாருடு' என்று அப்பா பெயர், அப்புறம் இண்டிபேரோடு ஆளின் பெயர். எழுதிக் கொடுத்தவருக்கும் இப்படி, எழுதி வாங்கியவருக்கும் இப்படி. இரண்டு பத்திரம் சேர்ந்தால் மூன்று தலைமுறை கிடைத்துவிடும்.

எல்லாரும் அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள். கீழே செக்குபந்தி இருக்கும், நிலத்தின் நாலு எல்லை. கிழக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம் என்று. அதில் உங்கள் இண்டிபேருள்ள ஆள் ஒருவர் இருந்தால் அநேகமாக அவர் பங்காளி. அப்பன் நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது அண்ணன் தம்பி நிலங்கள் ஒட்டி ஒட்டித்தான் கிடக்கும். வீட்டில் யாரும் சொல்லாத ஒரு கிளை, சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை நின்றுபோன கிளை, செக்குபந்தியில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் பின்பக்கம் திருப்பி, சாட்சிக் கையெழுத்தும் அடையாளம் காட்டியவர்களின் பெயரும் படியுங்கள். மச்சானும் மாமனும்தான் சாட்சிக்கு வருவார்கள், அம்மா வழி இண்டிபேரு அங்கே கிடைக்கும்.

வீட்டில் பத்திரம் இல்லையென்றால் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். பெயர் வாரியாக ஓர் இன்டெக்ஸ், சொத்து வாரியாக ஓர் இன்டெக்ஸ் என்று இரண்டு வைத்திருப்பார்கள். பெயர் வாரியானதில் இண்டிபேரில் ஒருமுறை, சொந்தப் பெயரில் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். சர்வே நம்பர் தெரிந்தால் சொத்து வாரியானதே சுலபம். எழுதிக் கேட்கும்போது எந்த வருஷத்தில் உங்கள் கிராமம் எந்த ஜில்லாவில் இருந்தது என்று சரியாகப் போடுங்கள். திருத்தணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு 1911 வரை வட ஆற்காடு, 1960 வரை சித்தூர், 1960-க்குப் பிறகு செங்கல்பட்டு, 1997-லிருந்து திருவள்ளூர். அந்தப் பக்கம் சத்தியவேடு 2022-ல் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. வீடு அதே இடத்தில், விலாசம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் கிராமம் கார்வெட்டிநகரம் மாதிரி ஜமீனில் இருந்தால், 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய பட்டா சர்க்கார் கணக்கில் இருக்காது, ஜமீன் கணக்கில்தான் இருந்திருக்கும். முன்னோருக்கு இனாம் நிலம் இருந்ததாகச் சொன்னால் அது நல்ல செய்தி. 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் யார் கொடுத்தது, யாருக்கு, என்ன ஊழியத்துக்கு என்று விசாரித்துப் பதிவேடு போட்டது. இந்த மாதிரிப் பழைய ராஜதானிக் கணக்குகளுக்கு எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போக வேண்டும். ஊரின் கதையே வேண்டுமென்றால், கம்பெனிக் காலத்து சர்வே அதிகாரி காலின் மெக்கன்சி ஆட்களை அனுப்பித் திரட்டிய கைஃபியத்துகள் சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன, கிராமம் கிராமமாகக் கேட்டு எழுதியவை. உங்கள் குடும்பம் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஊரை யார் கட்டினார்கள், எந்தப் பாளையக்காரர் காலத்தில் யார் வந்தார்கள் என்பது கிடைக்கலாம்.

வம்சாவளி பாடுகிறவர்கள் சொல்வதை நம்பலாமா? நெட்டில் வருகிற 'உங்கள் பெயரின் பொருள்'?

பட்ராஜுக்கள், நெசவு செய்கிற பத்மசாலிகளுக்குக் கூனபுலிவாரு என்று வம்சமும் சாதிப் புராணமும் பாடுகிற கூட்டத்தார் உண்டு, இப்போது வருவது குறைந்துவிட்டது. வந்தால் பாட விட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கடைசி மூன்று நாலு தலைமுறைப் பெயர்களும் ஊர்களும் பெரும்பாலும் சரியாக இருக்கும், மேலே போகப் போக எல்லாரும் ரிஷி வம்சம்தான். கூலி கொடுக்கிறவனைத் தோட்டி வம்சம் என்று யார் பாடுவார்? நெட்டில் வருகிற பெயர்ப் பொருள் பக்கங்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. எந்தப் பெயரைப் போட்டாலும் 'வீரம் மிக்க பழங்குடி' என்றுதான் வருகிறது.

நான் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறேன். கொள்ளுத் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து போனவர். என் சர்நேமை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

சர்நேமை வைத்துக் கஷ்டம். 1860-லிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் அதில் பெரும்பங்கு. கப்பல் பட்டியலில் எழுதியது ஆளின் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடம்பில் இருக்கிற தழும்பு. இண்டிபேருக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. அங்கே போன பிறகு சாதிப் பட்டமோ முதலில் போனவரின் சொந்தப் பெயரோ குடும்பப் பெயராகிவிட்டது, நாயுடு, ரெட்டி, கோவெண்டர், முனிசாமி என்று. கவுண்டர்தான் கோவெண்டர் ஆனது. உங்களுக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் இருக்கிற காலனி நம்பர், பழைய குடும்பச் சான்றிதழ்களில் இருக்கும், அதைப் பிடித்தால் கிராமம் கிடைக்கும். ஜில்லா வட ஆற்காடு என்று இருந்தால் வேலூர், ஆற்காடு மட்டும் தேடாதீர்கள், சித்தூர் ஜில்லா பிறந்த அதே 1911-ல் ஆள் அனுப்புவது நின்றுவிட்டதால் சித்தூர், புத்தூர், திருத்தணிக்காரர்கள் எல்லாருமே வட ஆற்காடு என்றுதான் பதிவாகியிருப்பார்கள். கிராமத்துப் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், உரக்க வாசித்துப் பாருங்கள், பிடிபடும்.

பாஸ்போர்ட்டில் சர்நேமுக்கு இண்டிபேரைப் போடலாமா, அப்பா பெயரைப் போடலாமா?

இரண்டும் செய்கிறார்கள். என் கருத்து, ஏற்கெனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் எது இருக்கிறதோ அதையே போடுங்கள், குடும்பப் பெருமைக்காகப் பாஸ்போர்ட்டில் மட்டும் புதிதாக இண்டிபேரைக் கொண்டுவந்தால் அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் இவரும் அவரும் ஒருவரே என்று நிரூபித்துக்கொண்டு திரிய வேண்டும். அந்த இடத்தைக் காலியாகவும் விடாதீர்கள். அமெரிக்க விசாவில் சர்நேம் இல்லாதவருக்குச் சொந்தப் பெயரையே கடைசிப் பெயராக்கி, முதல் பெயருக்கு 'எஃப்என்யூ' என்று போட்டுவிடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்றது, பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தியது. பிறக்கப் போகிற குழந்தைக்கு என்றால் இண்டிபேரைப் பிறப்புச் சான்றிதழிலேயே சேர்த்துவிடலாம், அப்போது எந்தச் சிக்கலும் இல்லை. பெரியவர்கள் மாற்ற வேண்டுமென்றால் அரசிதழில் வெளியிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் இண்டிபேரே இல்லை. ஒன்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளுங்கள், தடுக்க யாரும் இல்லை, அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அதைத்தான் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் மூத்த அத்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஆண்கள் மறந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டு அவர்கள்தான் பதில் சொன்னவர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு இரண்டையும் புரட்டுங்கள். ஆந்திரப் பக்கத்திலிருந்து மொய் எழுதியவர்களின் பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்து உங்கள் வீட்டுடையதாகவே இருக்கலாம். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் ஊர்ப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஊரிலிருந்து எந்த வருஷம் எங்கே வந்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள், பேரப்பிள்ளைகள் இன்னொருவரைப் பிடித்து இதே கேள்விகளைக் கேட்காமல் இருக்கட்டும்.